பெயர்ப் பலகைகள் சொன்ன கதை

டிக்லிப்பூரில் என் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாவிற்குச் செல்லும் பொருட்டு, விடியற்காலை மூன்றரை மணிக்கெல்லாம் நாங்கள் பேருந்து நிலையத்திற்கு வந்து சேர்ந்தோம். என்னுடன் என் தம்பியின் மக்கள் இருவர் வந்திருந்தனர். மூத்தவள் கல்லூரியில் வரலாறு பயில்பவள். இளையவனுக்கு வயது பத்து. தலைநகருக்கும் டிக்லிப்பூருக்கும் இடையே உள்ள தொலைவு 300 கிலோமீட்டருக்கு மேல். வண்டி புறப்பட இன்னும் அரைமணி இருந்தது. தேநீர்க் கடை விளக்கின் கீழ் நின்றுகொண்டு, அங்கு உறங்கிக் கிடந்த பேருந்துகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக் கொண்டிருந்தோம்.

காலிகட், வண்டூர், மஞ்சேரி, திரூர். புதிதாக வந்த ஒருவர் கண்ணை விழித்துப் பார்ப்பாராயின், கப்பல் தம்மை வழிதவறி மலபாரில் இறக்கிவிட்டதோ என்று ஐயுறுவார்.

"பெரியப்பா, இவை எல்லாம் மலையாள நாட்டு ஊர்கள் அல்லவா?" என்று பெண் கேட்டாள்.

"ஆம் அம்மா. 1921-ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் தண்டனை பெற்றவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் காட்டைத் திருத்தி ஊர் அமைத்தபோது, விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்" என்றேன்.

இளையவன் ஏதோ கேட்டான். அவன் கேட்டது இந்தியில். அவனுக்கு நான் தமிழில் விடை கூறினேன். அவன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். அவள் என் விடையை இந்தியில் சொன்ன பிறகே அவன் தலையசைத்தான். அந்நேரம் அதனை நான் பெரிதாக எண்ணவில்லை.

நாங்கள் நின்ற இடத்திற்கு அருகிலுள்ள கடைத்தெருவின் பெயர் அபர்டீன். அது ஸ்காட்லாந்து நாட்டு நகரொன்றின் பெயர். வெள்ளையர் இங்கே நிலையாக ஆட்சி அமைத்தது 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் 200 கைதிகளுடன் வாக்கர் என்னும் அதிகாரி வந்திறங்கினார். தமிழ்நாட்டு மக்கள் தீவாந்தரம் என்று அஞ்சிக் கூறிய தண்டனைக்கு இத்தீவுகள் இருப்பிடமாயின. சிறையில் நன்னடத்தை காட்டியவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். பஞ்சாபியும் வங்காளியும் பர்மியரும் தெலுங்கரும் தமிழரும் ஒரே தெருவில் குடும்பம் நடத்தினர். கணவன் மொழி ஒன்று, மனைவி மொழி ஒன்று என்றிருந்த அவ்வீடுகளில் பிறந்த பிள்ளைகள் இரண்டையும் விட்டு, எல்லார்க்கும் பொதுவாய் இருந்த இந்துஸ்தானியைப் பேசினர். அதுவே இன்றும் இத்தீவுகளின் பொதுமொழி. சாதி மதப் பூசலின்றி நாம் இங்கே வாழ்வதற்கு அப்பொதுமொழியும் ஒரு காரணம். அதனைக் குறை கூறுதல் நன்றியுடைமை ஆகாது.

நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. ஃபெரார்கஞ்சு என்ற ஊரைக் கடந்து, இருள் பிரியும் வேளையில் ஜிர்கடாங் சோதனைச் சாவடியை அடைந்தோம். அங்கிருந்து ஜாரவா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட காடு தொடங்குகிறது. வண்டிகளைத் தனித்தனியே விடுவதில்லை. குறித்த நேரத்தில் அணிவகுத்து, காவலுடன் செல்ல வேண்டும். வழியில் நிற்றல் ஆகாது. படம் எடுத்தல் ஆகாது. காட்டு மக்களுக்கு எதனையும் கொடுத்தலும் ஆகாது.

ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் இருபுறமும் வானளாவிய மரங்கள். சிறிது நேரம் சென்றதும் பெண் கூறினாள்: "இங்கே பலகையே இல்லையே, பெரியப்பா."

உண்மைதான். அக்காட்டில் ஒவ்வொரு ஓடைக்கும் மேட்டிற்கும் ஜாரவா மொழியில் பெயர் உண்டு. அவற்றை எழுதிய பலகை ஒன்றும் இல்லை. 1990-களின் இறுதி வரை அம்மக்கள் வெளியாரை அண்டவிடாமல் அம்பு கொண்டு காத்தனர். இன்று அவர்கள் சில நூறு பேரே. 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இச்சாலையின் இப்பகுதியை மூடும்படி கட்டளையிட்டது. ஆயினும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நாங்களும் அமர்ந்திருந்தோம்.

ஜாரவாக்களுக்கு அயலாரான பெரிய அந்தமானியரின் கதை இதனினும் துயரமானது. 1858-இல் அவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தனர். பத்து வெவ்வேறு குழுக்களாக, பத்து மொழிகள் பேசினர். வெள்ளையர் கொண்டுவந்த நோய்கள், குறிப்பாக 1877-ஆம் ஆண்டின் மணல்வாரி அம்மை, அவர்களை வாரிக்கொண்டு போயின. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் 625 பேர். 1961-இல் 19 பேர். இன்று சற்றுப் பெருகி ஐம்பதைச் சுற்றி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் இந்தி. போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் மறைந்தார். அவர் தம் மொழியில் உரையாட உலகில் வேறொருவரும் இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

இதனை நான் சொல்லி முடித்தபோது பெண் வெகுநேரம் சன்னல் வழியே காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுக் கால்வாயின் கரையில் வண்டி நின்றது. பேருந்தையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு மிதவைக் கப்பல் அக்கரைக்குப் புறப்பட்டது. கரையோரத்து அலையாத்திக் காடுகள் பின்வாங்கின. நீரைப் பார்த்ததும் அவளுக்குத் தன் பாடநூல் நினைவு வந்தது போலும்.

"ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் இவ்வாறே ஆற்றைக் கடந்து ஒரு நாட்டிற்குள் குடியேறியதைப் படித்திருக்கிறேன், பெரியப்பா. கி.பி. 376-ஆம் ஆண்டு. ஆறு டான்யூபு" என்றாள்.

நான் கேட்க, அவள் விரித்துரைத்தாள். கோத்தர் என்பார் ஜெர்மானிய இனத்தவருள் ஒரு பிரிவினர். கிழக்கிலிருந்து ஹூணர் வந்து தாக்கவே, அவர்கள் டான்யூபு ஆற்றின் வடகரையில் வந்து குவிந்தனர். தென்கரை ரோமப் பேரரசு. "எங்களை உள்ளே விடுங்கள், நிலம் கொடுங்கள், உங்களுக்குப் படைவீரர்களாய் இருப்போம்" என்று வேலன்சு பேரரசனிடம் விண்ணப்பித்தனர். அவனும் இசைந்தான். படகிலும் தெப்பத்திலும் குடைந்த மரத்திலும் ஏறி இரவு பகலாகக் கடந்தனர். கடந்தவர்க்கு உணவளிக்க வேண்டிய அதிகாரிகள் அவர்தம் பசியையே வாணிகமாக்கினர். நாய்களைப் பிடித்து இறைச்சிக்குக் கொடுத்து, நாய் ஒன்றுக்கு ஓர் ஆளை அடிமையாகப் பெற்றனர் என்றும், அவ்வாறு விலைபோனவருள் தலைவர்களின் மக்களும் இருந்தனர் என்றும் அக்காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானசு மார்செல்லினசு எழுதி வைத்திருக்கிறார். பொறுக்க இயலாத நிலையில் கோத்தர் கிளர்ந்தெழுந்தனர். 378-ஆம் ஆண்டு அட்ரியனோப்பிள் போரில் பேரரசனே மாண்டான்.

"அடைக்கலம் கேட்டு வந்தவர்களைப் பட்டினி போட்டதன் பயன்" என்று முடித்தாள்.

அவள் கூறக் கூற எனக்கு 'மகாராஜா' என்னும் கப்பல் கண்முன் வந்தது. முன்பு தீவாந்தரக் கைதிகளைச் சுமந்து வந்த அக்கப்பலே, நாடு பிரிந்தபின், 1949-ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களைக் கல்கத்தாவிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அவர்களும் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களே. கருங்கடல் கடந்தால் சாதி கெடும் என்றிருந்த காலத்தில், பெண்டிரும் குழந்தைகளும் இரும்புப் பாத்திரங்களும் துளசிச் செடிகளுமாக வந்து இறங்கினர். பின்னர் வந்த குடியேற்றத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 5 ஏக்கர் வயலும் 5 ஏக்கர் மேட்டு நிலமும் வழங்கினார்கள். குறைகள் பல இருந்தன. மலைக்காய்ச்சலும் அட்டைக்கடியும் தனிமையும் பலரை வாட்டின. ஆயினும், உழுவதற்கு நிலம் கிடைத்தது, உழுதவர்கள் நிலைத்தனர். ஆனால் அந்நிலம் பிறர் வேட்டையாடிய காடு என்பதையும், அவர்களிடம் யாரும் விண்ணப்பம் செய்யவில்லை என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

கடம்தலா கடந்து ரங்கத்தை நெருங்கும்போது பலகைகள் மீண்டும் தோன்றின. இப்பொழுது அவை இராமாயணம் பாடின. பஞ்சவடி, பர்ணசாலை, சபரி, மிதிலை, ஜனகபுரம், தசரதபுரம், ஊர்மிளாபுரம். வனவாசம் செய்ய வந்தவர்கள் வைத்த பெயர்கள் என்று எண்ணும்போது அவற்றின் பொருத்தம் விளங்கும். நீல் தீவிலும் இவ்வாறே பரதபுரம், இலக்குமணபுரம், சீதாபுரம் உண்டு. அந்த நீல் தீவுக்கே 2018-இல் சகீத் தீவு என்றும், ஹாவ்லாக்குக்குச் சுவராஜ் தீவு என்றும் பெயர் மாறியது.

"ஐரோப்பாவிலும் இப்படித்தான்" என்றாள் பெண். பிராங்கியர் குடியேறிய நாடு பிரான்சு ஆயிற்று. ஆங்கிலர் சென்ற தீவின் பெரும்பகுதி இங்கிலாந்து ஆயிற்று. 568-ஆம் ஆண்டு இத்தாலிக்குள் நுழைந்த இலம்பார்டியரின் பெயர் இன்றும் இலம்பார்டி என்னும் மாநிலத்தில் வாழ்கிறது. பர்கண்டியர் பெயரைப் பிரான்சில் ஒரு நிலப்பகுதி தாங்கி நிற்கிறது.

"எல்லாரும் பெயரை நிறுத்திவிட்டார்கள். மொழியை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஆங்கிலரும் சாக்சனியரும் தம் மொழியைக் காத்தனர். அதுவே இன்றைய ஆங்கிலத்தின் வேர். பிராங்கியர் நாட்டுக்குத் தம் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்நாட்டாரின் இலத்தீன் வழிப்பட்ட பேச்சைத் தாம் ஏற்றுக்கொண்டனர். இலம்பார்டியரும் அவ்வாறே. கோத்தர் இசுப்பானியாவை ஆண்டனர், மொழியை இழந்தனர்.

"கோத்தருக்கு எழுத்தே இல்லையோ?" என்றேன்.

"இருந்தது, பெரியப்பா. அதுதான் வியப்பு. நான்காம் நூற்றாண்டிலேயே வுல்பிலா என்ற ஆயர் கோத்த மொழிக்கு எழுத்து அமைத்து, விவிலியத்தை மொழிபெயர்த்தார். அதன் படி ஒன்று, செந்நீலச் சாயமிட்ட தோலில் வெள்ளி மையால் எழுதியது, சுவீடன் நாட்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் ஏடு. ஏடு இருக்கிறது, கிரிமியாவில் சிறு கூட்டத்தாரிடம் சில நூற்றாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்ததும் போய், இன்று அம்மொழியைப் பேச ஒருவர்கூட இல்லை."

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. நம் சங்க மேடைகளில் நாம் என்ன பேசுகிறோம்? ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழி. ஏடுகள் உள்ளவரை அதற்கு அழிவில்லை என்கிறோம். தாய்நாட்டைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். கடல் கடந்து வந்த குடும்பத்தைப் பொறுத்தவரை, வெள்ளி எழுத்தும் காக்காது என்பதற்குக் கோத்தர் சான்று.

மாயாபந்தர் வந்தது. அதனைச் சுற்றிக் கரேன் மக்களின் ஊர்கள் இருக்கின்றன. பர்மாவிலிருந்து 1925-ஆம் ஆண்டு காட்டு வேலைக்கென்று குடும்பங்களாக வந்தவர்கள் அவர்கள். அவர்கள் முதலில் அமைத்த ஊர் வெபி. மறைந்திருக்கும் ஊர் என்பது அதன் பொருள் என்பர். நூறாண்டு கடந்துவிட்டது. எண்ணிக்கையில் அவர்கள் நம்மைவிட மிகமிகக் குறைந்தவர்கள். ஆனால் தம் கோயிலில் தம் மொழியில் பாடினார்கள். அடுத்தடுத்து வீடு கட்டி ஊராக வாழ்ந்தார்கள். அடுப்படியில் தம் மொழியையே பேசினார்கள். கடைத்தெருவில் அவர்களும் இந்திதான் பேசுகிறார்கள். வீட்டிற்குள் அதனை அழைத்துச் செல்வதற்கு அவசரப்படவில்லை.

இனி நம் கதையை நோக்குவோம். பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தை அவன் வென்ற நாடுகளுள் ஒன்றாகக் கூறுகிறது. நிக்கோபாரின் பழம்பெயர் அது. அதனைச் சொல்லிப் பெருமைப்படாத தமிழர் இங்கே இல்லை. ஆனால் அப்படையினரின் வழிவந்த தமிழ்க்குடும்பம் ஒன்றும் இத்தீவுகளில் இல்லை. சோழன் கல்லில் பெயரை விட்டுச் சென்றான். மொழியைக் கொண்டுவந்தவர்கள் தீவாந்தரக் கைதிகளும், மரம் வெட்டவும் சாலை போடவும் கப்பலேறிய கூலியாட்களும், கடை வைத்தவர்களும், ஆசிரியர்களுமே. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு திரும்பியவருள் சில குடும்பங்கள் நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்தன. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் இரப்பர்ப் பால் எடுத்தன. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியது. அதனையும் தாங்கி எஞ்சியவர்கள் நம்மவர்.

இத்தகைய மக்கள் பேசும் தமிழ் என்ன ஆகிறது? 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இத்தீவினருள் 100-க்கு ஏறத்தாழ 18 பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர். 2011-இல் அது ஏறத்தாழ 15 ஆயிற்று. குறைந்ததற்குக் காரணம் பல இருக்கலாம். ஊர் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு குறைவை அன்றிரவு நான் கண்டேன்.

இருட்டிய பின் டிக்லிப்பூரை அடைந்தோம். அத்தைக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். மணமான புதிதில் கப்பலேறி வந்தவர். புது வீட்டுத் திண்ணையில் என் தம்பி மகனை மடியருகே இருத்திக்கொண்டு பழைய நாளைச் சொல்லத் தொடங்கினார். மூன்று நாள் கப்பலில் தலைதூக்க முடியாமல் கிடந்தது. இறங்கிய அன்று மழை. மூங்கில் தட்டியும் தழைக்கூரையுமாய் ஒரு குடில். அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் கட்டிய துணி. முதற்பிள்ளை மருந்தின்றிக் காய்ச்சலில் போனது. அதனைப் புதைத்த இடத்தில் நட்ட தென்னை இன்னும் காய்ப்பது. சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

பையன் அவர் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். அவர் அழுகிறார் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. அக்காளின் பக்கம் திரும்பி, "பாட்டி என்ன சொல்கிறார்?" என்று இந்தியில் கேட்டான்.

அத்தைக்கு இந்தி தெரியும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இத்தீவில் வாழ்ந்தவர். சந்தையில் பேரம் பேசுவார். ஆனால் அவர் இந்தியில் திருப்பிச் சொல்லவில்லை. "போகட்டும் விடு, பிள்ளை தூங்கட்டும்" என்று எழுந்து உள்ளே போனார். இறந்த குழந்தையின் கதை அவரிடம் தமிழில் மட்டுமே இருந்தது.

குற்றம் பையனுடையதன்று. அவனுக்குப் பள்ளி நண்பர்கள் இந்தி கொடுத்தார்கள். பாடநூல் ஆங்கிலம் கொடுத்தது. தமிழைக் கொடுக்க வேண்டியவர்கள் அவன் தகப்பனும் தாயும் பெரியப்பனாகிய நானும். அவன் இந்தியில் கேட்டால் இந்தியிலேயே விடை சொல்லிவிடுதல் எளிது என்று நாங்களும் இருந்துவிட்டோம். காலையில் பேருந்து நிலையத்தில் ஒரு முறை தமிழில் விடை சொன்னதற்கே மொழிபெயர்ப்பாள் தேவைப்பட்டாள்.

இத்தீவுகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, முருகன் கோயில் இருக்கிறது, பங்குனி உத்திரத்தில் காவடி ஆடுகிறது, சங்கம் இருக்கிறது. இவை எல்லாம் வெள்ளி எழுத்து ஏட்டைப் போன்றவை. வேண்டியவைதாம், ஆனால் வீட்டில் பேசினாலன்றி அவை தாமே மொழியைக் காக்கமாட்டா. இச்சிற்றிதழைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. இரவு உணவின்போது ஒரு நாழிகை தமிழில் பேசுங்கள். குழந்தை இந்தியில் விடை சொன்னால் கடிந்துகொள்ளாமல், அதனையே தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், வந்த கதையைச் சொல்லச் சொல்லிக் குழந்தையை அருகில் இருத்துங்கள். பொதுமொழி வேண்டா என்று நான் சொல்லவில்லை. அது நமக்குத் தெரு, இது வீடு.

மறுநாள் விழா முடிந்து ஊர் திரும்புமுன் பையனை அத்தை தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். நானும் பின்னால் போனேன். தென்னை ஒன்றின் அடியில் நின்று, அதன் மேல் கையை வைத்து, "இது உன் பெரிய மாமா" என்றார். இம்முறை பையன் அக்காளைத் தேடவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்து, "மாமா" என்று அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னான். அத்தை அவன் கையை எடுத்து மரத்தின் மேல் வைத்தார்.

திரும்பி வரும் வழியில், பலகையில்லாத காட்டை மீண்டும் கடந்தோம். போவா மூதாட்டியை நினைத்துக்கொண்டேன். அவர் மொழியைப் பிறர் வந்து பறித்தார்கள். நம் மொழியை நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நாமே அதனை வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போகாதிருந்தால் போதும்.